ஆஃப்லைன் செயலியில் கணக்கு முட்டிக்கொள்ளாமல் இருக்க: மீன் ஏலக் கணக்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எந்த இறங்குதளத்துக்குப் போனாலும் ஒரே மீனை மூன்று பேர் எழுதுவார்கள். படகில் டிரைவர் பெட்டி எண்ணிக்கையைக் குறிப்பார். கரையில் ஏஜெண்டின் ஆள் எடையை எழுதுவார். அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை விலையையும் முன்பணக் கழிவையும் எழுதுவார். காகிதத்தில் இருந்தவரை, சாயங்காலம் மூன்று சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்கள். அதே மூன்றும் போனுக்கு மாறியபின், சிக்னல் கிடைத்த நொடியில் ஒன்று இன்னொன்றைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது. இப்படி இரண்டு பதிவு முட்டிக்கொள்வதைத்தான் இங்கே மோதல் என்கிறேன். அதில் குறைவது யாரோ ஒருவருடைய பங்குப் பணம்.

இப்படி சிக்னல் இல்லாமலும் (ஆஃப்லைனில்) ஓடும் செயலியை எழுத வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த லைப்ரரி (ஆயத்த நிரல்தொகுப்பு) நல்லது?" என்றுதான். அந்தக் கேள்விக்கு இந்த வரிசையில் எட்டாவது இடம். அதற்கு முன் உள்ள ஏழும் வியாபாரத்தைப் பற்றியவை. அவற்றைச் சரியாக முடித்தால் எட்டாவதுக்குப் பெரிதாக வேலை மிஞ்சாது. எடுத்துக்காட்டுகள் மீன் கணக்கிலிருந்து வந்தாலும், பால் சொசைட்டி, உப்பளக் கூலி, கடல்பாசி கொள்முதல் என எந்தக் களவேலைக்கும் வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். சுத்தமாக எழுதிய நோட்டு மட்டும் போதாது. அடித்தல் திருத்தல் உள்ள பக்கங்கள், இடுக்கில் செருகிய துண்டுச் சீட்டுகள், ஓரத்தில் "பிறகு பார்க்கணும்" என்று எழுதிய வரிகள், எல்லாம் வேண்டும். இரண்டு பேர் எழுதியது ஒத்துப்போகாத நாளில் என்ன செய்தார்கள் என்பதற்கு உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அந்தப் பக்கங்கள்தான்.

அடுத்து, யார் கையில் எந்தப் போன் என்ற பட்டியல். ஒரே போனை அப்பாவும் மகனும் மாறி மாறி வைத்திருப்பார்கள். ஒரே ஆள் இரண்டு போன் வைத்திருப்பார். அதனால் ஆளையும் போனையும் தனித்தனியாக அடையாளம் காண வேண்டியிருக்கும். பதிவில் இரண்டுமே இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு போன் அதிகபட்சம் எத்தனை நாள் சிக்னல் இல்லாமல் இருக்கும் என்ற கணக்கு. "ஒரு ராத்திரி" என்று எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தடை தொடங்கும் அன்று படகில் இருந்த போன் பெட்டிக்குள் போகும். ஜூன் நடுவில்தான் மறுபடி சார்ஜ் ஏறும். அதற்குள் அனுப்பப்படாத பதிவு ஏதாவது கிடந்தால், இரண்டு மாதம் கழித்து, பழைய ஆப் வெர்ஷனிலிருந்து அது சர்வருக்கு வரும். வடிவமைப்பு தாங்க வேண்டிய இடைவெளி அதுதான்.

கடைசியாக, போனில் தரவு உண்மையில் தங்குமா என்று பாருங்கள். பிரவுசரில் ஓடும் செயலி என்றால், சஃபாரியில் 2020 முதல் ஒரு விதி உண்டு: பிரவுசரைப் பயன்படுத்தும் ஏழு நாளில் உங்கள் தளத்தை ஒருமுறைகூடத் தொடவில்லை என்றால், தளம் போனில் சேமித்த தரவு அழிக்கப்படலாம். ஹோம் ஸ்க்ரீனில் சேர்த்த செயலிக்கு இது பொருந்தாது. ஆண்ட்ராய்டில் எஸ்க்யூலைட் (போனுக்குள்ளேயே இருக்கும் சிறு தரவுத்தளம்) பாதுகாப்பானது, ஆனால் மெமரி நிறைந்துவிட்டது என்று யாராவது "கிளியர் டேட்டா" அழுத்தினால் அதுவும் போய்விடும். அனுப்பாத பதிவு எத்தனை என்பதை முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் காட்டுங்கள். தரவே இல்லாமல் போனால் மோதலைத் தீர்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

2. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்

கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து, சீட்டில் உள்ள ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டுக் கேளுங்கள்: "இதை ரெண்டு பேர் ரெண்டு விதமா எழுதினா யார் சொல்றது எடுபடும்ணே?"

பதில்களில் கிடைக்கும் தெளிவு எந்தக் கட்டுரையிலும் கிடைக்காது. பாம்பனில் ஒரு பெரியவர் இறால் எடைக் கட்டத்தைத் தொட்டதும் சொன்னது இது: "எடை தப்புன்னு தெரிஞ்சா அடிச்சு எழுத மாட்டோம் தம்பி. கீழே இன்னொரு வரி போட்டு, 'மேற்படி சீட்டில் குறைவு'ன்னு எழுதுவோம். அடிச்சா சம்மாட்டிக்கு (படகு உரிமையாளருக்கு) சந்தேகம் வரும்." நோட்டைத் திருப்பிக் காட்டினார். எடை எழுதிய பக்கங்களில் அடித்தலே இல்லை. திருத்தங்கள் எல்லாம் கீழே தனி வரிகளாக இருந்தன. படகு உரிமையாளரின் போன் நம்பர் எழுதிய பக்கத்திலோ நிறைய அடித்தல், மேலெழுத்து. எதை அழித்து எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பது அந்த நோட்டில் ஏற்கனவே முடிவாகியிருந்தது.

யார் சொல்வது எடுபடும் என்று தெரிந்ததும், தவறினால் என்ன நட்டம், அதைப் பிறகு சரிசெய்ய முடியுமா என்பதையும் கூடவே கேளுங்கள். பேர் தப்பாக இருந்தால் நட்டமில்லை. கிலோ விலை தப்பாக இருந்தால் பணம் போகும், ஆனால் அடுத்த கணக்கில் பிடித்துக்கொள்ளலாம். இல்லாத ஐஸை இருக்கிறது என்று சொல்லிப் படகை அனுப்பிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, மீன் கெட்டுவிடும். மூன்றுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. அதனால்தான் செயலி முழுவதற்கும் "கடைசியாக எழுதியது நிற்கும்" என்று ஒரே விதியைப் போடுவது ஆபத்து.

புதியவர்கள் இந்தக் கட்டத்தைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். "எடை என்றால் தராசு வைத்திருப்பவர் சொல்வதுதானே" என்று தோன்றும். ஆனால் ஐஸ் தண்ணீருக்குக் கழிவு போட்டபின் நிற்கும் எடையை வாங்குகிற கம்பெனி ஆள் சொல்கிறார் என்றால், அங்கே இருப்பது இரண்டு வெவ்வேறு எடை. இரண்டுக்கும் ஒரே ஃபீல்டு (தகவல் கட்டம்) வைத்தால், மோதலை நீங்களே உருவாக்கி வைக்கிறீர்கள். கேட்டால்தான் இது தெரியும்.

3. பாக்கியை எழுதாதீர்கள், கொடுத்ததையும் வாங்கியதையும் எழுதுங்கள்

இந்த ஒரு படியே பாதிக்கு மேல் மோதலை இல்லாமல் செய்துவிடும்.

ஒரு படகின் முன்பணப் பாக்கி 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கரையில் ஏஜெண்ட் இன்றைய மீனில் 5,000 பிடித்துக்கொள்கிறார். அவர் போனில் பாக்கி 45,000 ஆகிறது. அதே நேரம் அலுவலகத்தில் டீசலுக்கு 8,000 கொடுக்கிறார்கள். அங்கே பாக்கி 58,000. இரண்டு போனும் சிங்க் ஆகும்போது, அதாவது தம் பதிவைச் சர்வரோடு பொருத்திக்கொள்ளும்போது, சர்வர் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். உண்மையான பாக்கி 53,000. எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் தப்புதான்.

இதையே "5,000 கழிவு", "8,000 கொடுத்தது" என்று இரண்டு வரிகளாக வைத்தால் மோதல் என்ற பேச்சே இல்லை. இரண்டும் சர்வருக்கு வரும், எது முதலில் வந்தாலும் கூட்டினால் 53,000. நாள்வழியில் நடந்ததை எழுதி, பேரேட்டில் பாக்கியைக் கூட்டி எடுக்கிற பழைய முறைதான் இது. பாக்கி என்பது வரிகளிலிருந்து கணக்கிட்டுக் காட்டுவது. அதைப் போனில் வேகத்துக்காகச் சேமிக்கலாம். சர்வருக்கு அனுப்பக் கூடாது.

திருத்தமும் புது வரியாகவே வரட்டும். பழைய வரியின் அடையாளத்தைச் சுட்டி, அதை எதிர்வரியால் ரத்து செய்து, சரியான வரியைச் சேர்க்க வேண்டும். அந்தப் பெரியவர் செய்தது அதைத்தான்.

ஆனால் எல்லாவற்றையும் வரி வரியாக வைக்கக் கிளம்பாதீர்கள். உரிமையாளர் முகவரி, படகின் நிறம், போன் நம்பர் இவற்றுக்கு நேரடி ஃபீல்டு போதும். பணம், எடை, எண்ணிக்கை என்று கூட்டிக் கழிக்கிற எதற்கும் வரிகள். பெயர், முகவரி போல வர்ணிக்கிற எதற்கும் சாதாரண ஃபீல்டு. சந்தேகம் வந்தால் நோட்டைப் பாருங்கள், அடித்து எழுதியிருக்கிறார்களா என்று.

4. அடையாள எண் போனிலேயே பிறக்கட்டும்

சீட்டு எண்ணை 1, 2, 3 என்று போனில் ஓடவிட்டால், ஆஃப்லைனில் இரண்டு போனும் 101-ஆம் சீட்டைப் போடும். அடையாளத்தைச் சர்வர் தரட்டும் என்று விட்டால், சிக்னல் வரும்வரை சீட்டுக்கு அடையாளமே இருக்காது. அதனால் உள்ளே ஒரு யூயூஐடி (போனே உருவாக்கும், வேறெங்கும் திரும்ப வராத நீண்ட அடையாளம்), வெளியே மனிதர் படிக்க ஒரு சீட்டு எண் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தெரியும் எண்ணில் போனுக்கென்று ஒரு முன்னெழுத்து சேருங்கள்: பி3-0147, எம்1-0032 என்பது போல. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள், தொடர் வரிசையில், ஒரு நிதியாண்டில் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள இடம் உண்டு. ஆகவே போனுக்கு ஒரு வரிசை என்பது ஆடிட்டரையும் தொந்தரவு செய்யாது.

இங்கே புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை ஒன்று உண்டு. யூயூஐடியை அனுப்பும் நேரத்தில் உருவாக்குவார்கள். போன் அனுப்புகிறது, சர்வர் சேமிக்கிறது, பதில் வருமுன் சிக்னல் போகிறது. போனுக்கு அது போய்ச் சேர்ந்தது தெரியாது. மறுபடி அனுப்புகிறது, இம்முறை புது யூயூஐடியோடு. ஒரே 8,000 ரூபாய் இரண்டு முறை ஏறிவிடும். அடையாளம், பயனர் "சேமி" அழுத்திய நொடியில் பிறந்து, எத்தனை முறை அனுப்பினாலும் மாறாமல் இருக்க வேண்டும். சர்வர் பக்கம், ஒரே அடையாளம் இரண்டு முறை சேராதபடி அதன்மேல் தனித்தன்மைக் கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாம் முறை வந்தால் பிழை காட்டாமல் "ஏற்கனவே வந்துவிட்டது" என்று வெற்றிப் பதில் தரச் செய்யுங்கள்.

5. போன் கடிகாரத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்

பேட்டரி செத்து எழுந்த போன், கையால் நேரம் மாற்றிய போன், தேதி தவறாக ஓடுகிற பழைய போன் எல்லாம் கரையில் உண்டு. "கடைசியாக எழுதியது" என்று நீங்கள் நினைப்பது, உண்மையில் "கடிகாரம் வேகமாக ஓடும் போனில் எழுதியது".

ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரம் வையுங்கள்: போன் சொன்ன நேரம், சர்வருக்கு வந்த நேரம். இவற்றோடு அந்தப் போனின் ஓடு எண் (பதிவுக்குப் பதிவு ஒன்று கூடும் எண்) ஒன்று. ஒரு போனுக்குள் எது முன், எது பின் என்று ஓடு எண் சொல்லும். இரண்டு போனுக்கு இடையே எது புதியது என்பதைப் பதிவின் வெர்ஷன் எண்ணால் (எத்தனையாவது திருத்தம் என்ற எண்ணால்) தீர்மானியுங்கள்: "இதன் 4-ஆம் வெர்ஷனைப் பார்த்துத்தான் நான் திருத்தினேன்" என்று போன் சொல்ல வேண்டும். 2024-இல் தரநிலையான யூயூஐடி வெர்ஷன் 7 நேர வரிசையில் அடுக்கத் தோதாக இருக்கும். ஆனால் அந்த நேரமும் போன் கடிகாரத்திலிருந்தே வருகிறது, அதை நம்பியும் தீர்ப்பு சொல்ல முடியாது.

தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடிப்பதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இரு நாட்டு நேரமும் ஒன்றுதான், இரண்டும் யூடிசியை (உலகப் பொது நேரத்தை) விட ஐந்தரை மணி முன். அதனால் அதில் சிக்கல் வராது. இருந்தாலும் யூடிசியில் சேமித்துத் திரையில் மட்டும் நம் நேரத்தைக் காட்டுவதே வழி.

தேதியைச் சாவியாக (சீட்டுகளை ஒன்றாகக் கட்டும் அடையாளமாக) வைப்பதும் இதே வகைப் பிழை. ராமேஸ்வரத்து விசைப்படகு சனிக்கிழமை காலை போய் ஞாயிறு காலை திரும்பும். டீசல் சனிக்கிழமைத் தேதியில், ஏலம் ஞாயிறு தேதியில். இரண்டும் ஒரே கடல் பயணத்தின் கணக்கு. விசைப்படகு மீன்துறை டோக்கன் வாங்கித்தான் போகிறது, ஆகவே பயணம் என்ற அலகு ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பயணத்துக்கு ஒரு அடையாளம் கொடுத்து, எல்லாச் சீட்டையும் அதோடு கட்டுங்கள். தேதியால் கட்டினால், நடுநிசியில் இரண்டு போனும் ஒரே பயணத்தை இரண்டாக உடைத்துவிடும்.

6. பெரிய பதிவை உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஆளை வையுங்கள்

"பயணம்" என்று ஒரே பெரிய ஜேசன் டாக்குமெண்ட் (தரவை எழுத்தாக அடுக்கும் கோப்பு) வைத்து, அதற்குள் எடை, விலை, ஐஸ், டீசல், பங்கு எல்லாவற்றையும் அடைப்பது எழுதுவதற்கு எளிது. ஆனால் மூன்று பேரும் அதே டாக்குமெண்டைத் தொடுவார்கள், எல்லாத் திருத்தமும் மோதலாகும். எடைச் சீட்டு, ஏலச் சீட்டு, செலவுச் சீட்டு, பங்குச் சீட்டு என்று உடைத்துவிடுங்கள். காகிதத்தில் எத்தனை சீட்டோ அத்தனை பதிவு.

உடைத்த பிறகு, எந்தச் சீட்டை யார் எழுதலாம் என்று முடிவு செய்யுங்கள். எடைச் சீட்டைக் கரை ஆள் மட்டும். செலவுச் சீட்டை அலுவலகம் மட்டும். மற்றவர்கள் பார்க்கலாம், ஆட்சேபம் எழுதலாம். எண்ணைத் தொட முடியாது. ஆட்சேபம் தனிப் பதிவு என்பதால் அதுவும் மோதாது. இப்படிக் கட்டுப்படுத்தினால் ஆட்கள் கோபப்படுவார்கள் என்று பலர் தயங்குவார்கள். நான் பார்த்தவரை, அடுத்தவர் எண்ணைத் தொடும் உரிமையைக் கரையில் யாரும் கேட்பதில்லை. தன் எண்ணை அடுத்தவர் தொடக் கூடாது என்பதே அவர்கள் கவலை.

அப்புறம் நிலை. திறந்தது, ஏலம் முடிந்தது, கணக்கு முடித்தது என்று ஒவ்வொரு பயணத்துக்கும் நிலைகள் உண்டு. பங்கு பிரித்துக் கையில் கொடுத்தபின் அந்தப் பயணத்தின் எந்த எண்ணும் மாறக் கூடாது. ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்தாயிற்று. நாளைக்கு எடை மாறியது என்று யாரிடமும் போய்த் திருப்பிக் கேட்க முடியாது.

கணக்கு முடிக்கும் வேலையை மட்டும் சிக்னல் இருக்கும்போது, ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்று வைத்துவிடுங்கள். ஆஃப்லைனில் எல்லாமே முடிய வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே வேண்டாம். இரண்டு போன் தனித்தனியாக முடித்தால் இரண்டு விதமாகப் பணம் பிரியும், அதைப் பின்னால் எந்த நிரலாலும் ஒன்றாக்க முடியாது.

முடித்தபின் தாமதமாக வரும் சீட்டை என்ன செய்வது? இங்கேதான் சர்வர் எழுதுகிறவர்கள் "கணக்கு மூடியாயிற்று" என்று பிழை அனுப்பிவிடுவார்கள். போனில் அந்தச் சீட்டு சிவப்பு எழுத்தோடு கிடக்கும். ஆள் ரெண்டு நாள் பார்த்துவிட்டு அழித்துவிடுவார். உண்மையில் நடந்த விற்பனை ஒன்று கணக்கிலிருந்து காணாமல் போகும். எப்போதும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்று, "தாமதக் கணக்கு" என்று குறித்து, அந்தப் படகின் அடுத்த பயணத்தில் சரிக்கட்டும் வரியாக வையுங்கள். நோட்டில் "சென்ற கணக்கு விட்டது" என்று எழுதுவார்களே, அந்த வரி.

7. தீர்ந்துபோகும் பொருளுக்குப் பங்கு பிரித்துக் கொடுங்கள்

ஐஸ் ஃபேக்டரியில் 60 பார் (ஐஸ் பாளம்) இருக்கிறது. இரண்டு ஏஜெண்டுகள் சிக்னல் இல்லாத நேரத்தில் ஆளுக்கு 40 பார் உறுதி சொல்லிவிட்டார்கள். மூன்றாம் படியில் சொன்னபடி வரிகளாக எழுதினாலும் இது தீராது. வரிகள் இரண்டும் உண்மை. கூட்டினால் 20 பார் குறைகிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, முன்கூட்டியே பிரித்துவிடுவது: ஆளுக்கு 25, அலுவலகத்தில் 10. தன் 25-க்குள் யாரும் ஆஃப்லைனில் உறுதி சொல்லலாம். அதற்கு மேல் என்றால் சிக்னல் வேண்டும். பிரிவினையைக் காலையில் ஒருமுறை, சிங்க் ஆகும்போது செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, ஆஃப்லைனில் உறுதி என்ற வார்த்தையையே எடுத்துவிடுவது. திரையில் "கேட்டிருக்கிறது" என்று மட்டும் வரட்டும். சர்வர் ஒத்துக்கொண்ட பிறகு "உறுதி" என்று மாறட்டும். பச்சை டிக் போட்டுவிட்டுப் பிறகு மன்னிப்பு கேட்கும் செயலியை யாரும் இரண்டாம் முறை நம்ப மாட்டார்கள்.

எதைத் தேர்வது என்பதை உரிமையாளர்தான் சொல்ல வேண்டும். குறைந்தால் பக்கத்து ஃபேக்டரியில் வாங்கிச் சமாளிப்போம் என்றால் இரண்டாவது போதும். கடன் வரம்புக்கும் இதே கதைதான்: ஒரு படகுக்கு இதற்கு மேல் முன்பணம் கிடையாது என்ற வரம்பை ஆஃப்லைனில் காக்க, ஒவ்வொரு கொடுக்கும் கைக்கும் தனி வரம்பு வேண்டும்.

8. மிஞ்சுவதை இணையுங்கள்: இப்போதுதான் லைப்ரரி

இவ்வளவுக்குப் பிறகும் மோதக்கூடியது உரிமையாளர் விவரம், படகு விவரம், குறிப்புகள் போன்றவை. போன் தன் திருத்தத்தோடு, எந்த வெர்ஷனைப் பார்த்துத் திருத்தியது என்பதையும் அனுப்பட்டும். சர்வரில் அதே வெர்ஷன் இருந்தால் ஏற்கலாம். மாறியிருந்தால், பழையது, போனில் உள்ளது, சர்வரில் உள்ளது என்ற மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒருவர் முகவரியையும் இன்னொருவர் போன் நம்பரையும் மாற்றியிருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஃபீல்டை இருவரும் மாற்றியிருந்தால்தான் உண்மையான மோதல்; அப்போது 409 பதிலோடு (மோதல் என்று சர்வர் சொல்லும் எண்) மூன்றையும் திருப்பித் தாருங்கள்.

ஃபீல்டு வாரியாக இணைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் இரண்டு ஃபீல்டு. உரிமையாளர் வங்கியை மாற்றினார். ஒரு போனில் கணக்கு எண் மட்டும் மாற்றப்பட்டு சிங்க் ஆனது. இன்னொரு போனில் வேறொருவர், பழைய கிளையின் குறியீடு தப்பு என்று அதை மட்டும் திருத்தினார். நிரல் இரண்டையும் சந்தோஷமாக இணைத்து, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு கணக்கை உருவாக்கிவிடும். சேர்ந்தே பொருள் தருகிற ஃபீல்டுகளை ஒரே கட்டாகக் கருதுங்கள்: கணக்கு எண்ணும் குறியீடும், இறாலுக்கு எடை, கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால்), கிலோ விலை மூன்றும். கட்டில் ஒன்று மாறினால் முழுக் கட்டும் மாறியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

லைப்ரரிகளைப் பற்றி இரண்டு விஷயம். கவுச்டிபி என்ற தரவுத்தளம் மோதல் வந்தால் தானே ஒரு வெர்ஷனை முன்னிறுத்தும்; எல்லா இடத்திலும் அதே வெர்ஷன்தான் ஜெயிக்கும். தோற்றதும் உள்ளே பத்திரமாக இருக்கும், ஆனால் நீங்கள் கேட்டால்தான் காட்டும். கேட்கும் நிரலை எழுதாமல் விட்டால், மோதலே இல்லாதது போலத் தெரியும். சிஆர்டிடி (திருத்தங்களைத் தானே இணைக்கும் தரவு வடிவம்) வகை அமைப்புகள் எல்லாப் போனும் கடைசியில் ஒரே நிலைக்கு வரும் என்று உறுதி தருகின்றன. அந்த நிலை வியாபாரத்துக்குச் சரியா என்று அவற்றுக்குத் தெரியாது. 60 பார் ஐஸில் 80 விற்றது என்பதில் எல்லாப் போனும் ஒத்துப்போவதால் என்ன பயன்? பலர் சேர்ந்து எழுதும் நீண்ட குறிப்புகளுக்கு அவை அருமை. பணத்துக்கு 3, 6, 7-ஆம் படிகள்தான் வேண்டும்.

9. மனிதரிடம் கேட்க வேண்டியதை, தெரிந்த மனிதரிடம் கேளுங்கள்

எந்தப் போன் பின்னால் சிங்க் ஆனதோ அந்தப் போனில் மோதல் திரையைக் காட்டுவதுதான் வழக்கம். விடியற்காலையில், ஈரக் கையோடு, ஏலம் கூவிக்கொண்டிருக்கும்போது அந்தத் திரை வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். எந்தப் பட்டன் பெரிதோ அதை அழுத்துவார்கள். சிங்க்கை நிறுத்தாமல், மோதலைத் தனிப் பட்டியலில் சேர்த்து, இரண்டாம் படியில் "யார் சொல்வது எடுபடும்" என்று குறித்தவருக்கு அனுப்புங்கள். அவர் மதியம் உட்கார்ந்து பார்ப்பார்.

திரையில் "லோக்கல்", "ரிமோட்" என்ற சொற்கள் வரக் கூடாது. "கரையில் எடை போட்டவர், காலை 5.40: 42.5 கிலோ", "கரையின் இன்னொரு ஆள், காலை 6.15: 24.5 கிலோ" என்று வந்தால் கணக்குப்பிள்ளைக்கு ஒரு பார்வையில் புரியும், எண் இடம் மாறியிருக்கிறது என்று. இரண்டில் ஒன்று, புது எண், பிறகு பார்க்கிறேன் என்று மூன்று வழியும் இருக்க வேண்டும். சில நேரம் இரண்டுமே தப்பாக இருக்கும். அவர் தரும் தீர்ப்பும், யார், எப்போது, ஏன் என்ற விவரத்தோடு புது வரியாகவே சேரட்டும்.

10. அழிக்க விடாதீர்கள்

ஒரு போனில் பதிவை அழித்தார்கள், இன்னொரு போனில் அதையே திருத்தினார்கள். எது நிற்கும்? விடை சொல்வதற்கு முன், அழிக்கும் தேவை ஏன் வந்தது என்று கேளுங்கள். கணக்கில் சீட்டை யாரும் அழிப்பதில்லை, ரத்து என்று குறுக்கே எழுதுகிறார்கள். செயலியிலும் "ரத்து" என்ற நிலை போதும்.

உண்மையிலேயே நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், நீக்கியதற்கான அடையாளத்தைச் சர்வரில் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் பழைய போன் வந்து, சர்வரில் இது இல்லையே என்று அந்தப் பதிவைப் புதிதாக ஏற்றிவிடும். அமேசான் தன் டைனமோ என்ற தரவுச் சேமிப்பு அமைப்பைப் பற்றி 2007-இல் வெளியிட்ட கட்டுரையிலும் இந்தச் சிக்கல் உண்டு: இணையக் கடையின் கூடையில் சேர்த்த பொருள் தொலையாது, ஆனால் நீக்கிய பொருள் சில நேரம் திரும்ப வரும். நீக்கிய அடையாளங்களை 30 நாளில் துடைப்பது பலருடைய வழக்கம். நம் கரைக்கு அது பத்தாது. தடைக்காலம் 61 நாள், அதோடு படகு வேலை, போன் ரிப்பேர் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 120 நாளாவது வையுங்கள்.

11. சோதித்துப் பாருங்கள், இந்த வரிசையில்

இரண்டு போனை எடுங்கள், ஒன்றின் கடிகாரத்தை மூன்று மணி நேரம் பின்னால் தள்ளுங்கள். இரண்டையும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரே படகுக்கு எழுதுங்கள். முதலில் ஒன்றை, பிறகு மற்றதை சிங்க் செய்யுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வரிசையை மாற்றி மறுபடி செய்யுங்கள். இரண்டு முறையும் பாக்கி ஒன்றாக வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ கூட்டுத்தொகையை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

அடுத்து, அனுப்பும் நடுவில் செயலியைக் கொல்லுங்கள். திறந்து மறுபடி அனுப்பி, வரி இரட்டித்திருக்கிறதா பாருங்கள். பிறகு முந்தைய வெர்ஷன் செயலி உள்ள போனிலிருந்து, கணக்கு முடித்த பயணத்துக்கு ஒரு சீட்டை அனுப்பிப் பாருங்கள். அது தாமதக் கணக்கில் வந்து நிற்க வேண்டும்.

கரையில் இறக்கும் நேரத்தையும் யோசியுங்கள். தடை முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு விசைப்படகுகள் வரத் தொடங்கும் நாட்களில் யாருக்கும் புதுச் செயலி பழக நேரம் இருக்காது. தடைக்காலத்தில் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். கூட்டம் குறைவு, தொகை சின்னது, கணக்குப்பிள்ளைக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அவர்களோடு, காகித நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொடங்குங்கள். நோட்டுக் கூட்டலும் செயலிக் கூட்டலும் ஒத்துவந்த படகுகளை மட்டும் நோட்டிலிருந்து விடுவியுங்கள்.

ஓடத் தொடங்கியபின் மோதல் பட்டியலை வாராவாரம் திறந்து பாருங்கள். ஒரே வகை மோதல் திரும்பத் திரும்ப வந்தால், அந்தச் சீட்டுக்கு இரண்டு உரிமையாளர் இருக்கிறார்கள் என்று பொருள். ஆறாம் படியில் பிரித்தது சரியில்லை. ஒரு வாரம் முழுக்க ஒரு மோதலும் வரவில்லை என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். சர்வர் லாகை (நடந்ததையெல்லாம் பதியும் கோப்பை) திறந்து, தோற்ற வெர்ஷன்கள் கேட்பாரில்லாமல் எங்காவது விழுந்து கிடக்கின்றனவா என்று தேடுங்கள். கூடவே நான்கைந்து சீட்டுகளைக் கரையில் உள்ள ஆளிடமே கேட்டுச் சரிபாருங்கள்.